பல்லில் படாத தண்ணீர்

என் மாமனார் வலி தாங்காமல் சுருண்டதை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். அதுவும் திண்டிவனம் மல்லாட்டை மண்டியில், வேர்க்கடலை ஏலம் நடக்கிற இடத்தில், நாலு பேர் பார்க்க. மூட்டைகளை ஏலத்துக்கு இறக்கி வைத்துவிட்டு நின்றவர் திடீரென்று விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டு, தன் மூட்டை மேலேயே சாய்ந்துவிட்டார். யாரோ அவர் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து என் மனைவிக்குச் சொல்ல, அவள் எனக்குச் சொன்னாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். பாதி சுற்றிய காயிலை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒலக்கூர் பக்கத்தில் சொந்த நிலம். தலை முழுக்க நரைத்த பிறகும் மூட்டையைத் தானே தூக்கித் தோளில் போடுகிறவர். ஒரு தடவை மண்வெட்டி காலில் இறங்கி எலும்பு தெரிந்தபோது, துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டு மீதி வரப்பையும் வெட்டி முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்த மனிதருக்கு அன்றைக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வேர்த்துக் கொட்டியது, வாந்தி எடுத்தார். நான் தோளைப் பிடித்ததும், "மாப்ள, உள்ள எவனோ கத்திய வச்சித் திருப்பிக்கினே இருக்கான்" என்றார்.

ஒரு வண்டியைப் பிடித்து விழுப்புரத்துக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்க அவர் தலை என் மனைவியின் மடியில் இருந்தது. அவள் கையில் ஒரு தண்ணீர் பாட்டில். வீட்டில் பிடித்து எடுத்து வந்தது. "நைனா, ஒரு வாய் குடி நைனா" என்று கெஞ்சிக்கொண்டே வந்தாள். அப்பாவை அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள். கூட்டேரிப்பட்டு தாண்டுகிற வரைக்கும் கெஞ்சினாள். அந்த வலியிலும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

ஏன் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். வண்டிக்காரருக்குத்தான் தெரியாது. "இன்னா பெரியவரே, பொண்ணு தண்ணி குடுக்குது, வாங்கிக் குடியேன்" என்று கண்ணாடியில் பார்த்துச் சொன்னார்.

எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் நடந்தது அது. முதல் பந்தியில் மாமனார் உட்கார்ந்திருந்தார். இலை போட்டாகிவிட்டது, டம்ளரில் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது, இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து என் பெரியப்பா வந்து, "சம்பந்தி, நீங்க நம்ம வூட்டு ஆளு, அடுத்த பந்தில உக்காருங்க. வெளியூர்க்காரங்க பஸ்ஸுக்குப் போவணுமாம்" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், உரிமையில்தான் சொன்னார். ஆனால் எங்கள் பக்கத்தில் இலை போட்ட பிறகு ஒருவரை எழுப்புவது கை நீட்டி அடிப்பதைவிட மோசம். அதுவும் பெண்ணைக் கொடுத்தவரை. மாமனார் சத்தம் போடவில்லை. எழுந்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், கேட் வரைக்கும் நடந்து போய்த் திரும்பி, "இந்த வூட்டுத் தண்ணி இனிமே என் பல்லுல படாது" என்றார். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் நான் கையைக் கூப்பிக்கொண்டு போய் நின்றேன். "உங்க மேல இன்னா கோவம் மாப்ள, நீங்களா எழுப்புனீங்க" என்று என்னை உட்கார வைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார். பெரியப்பா போய்க் கேட்டிருந்தால் ஒருவேளை முடிந்திருக்கும். அவர் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, அடுத்த வருஷமே மாரடைப்பில் போய்விட்டார். சாவுக்கு மாமனார் முதல் ஆளாக வந்தார், பாடைக்குத் தோள் கொடுத்தார், எல்லாம் செய்தார். தண்ணீர் மட்டும் குடிக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியவர் போன பிறகு அந்தச் சொல்லை அவிழ்க்க யாருமே இல்லாமல் போய்விட்டது.

ஆறு வருஷம். பொங்கலுக்கு வரிசை கொண்டுவருவார், மல்லாட்டை வந்தால் ஒரு மூட்டை, கேப்பை வந்தால் ஒரு மூட்டை. மொபெட்டின் கைப்பிடியில் தன் வீட்டுத் தண்ணீர் பாட்டில் தொங்கும். கேட்டுக்கு வெளியிலேயே நிற்பார். என் மனைவி ஒரு சொம்புத் தண்ணீரோடு போய் எதிரில் நிற்பாள். ஒவ்வொரு தடவையும் நிற்பாள், அதை விடவே மாட்டாள். அவர் அதைப் பார்க்காத மாதிரி, "வரட்டா பாப்பா" என்று வண்டியைத் திருப்புவார். அவள் அந்தச் சொம்பைக் கொண்டுபோய்க் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவாள். அந்த நேரத்தில் அவள் முகத்தை நான் பார்ப்பதில்லை.

விழுப்புரத்தில் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் முனகல் நின்றது. ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா என்னையும் உள்ளே கூப்பிட்டு, திரையில் சாம்பல் நிறத்தில் அலையடித்த ஏதோ ஒன்றுக்கு நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டினார். "இதாங்க கல்லு. கிட்னில இருந்து எறங்கி, மூத்திரக் குழாய்ல வந்து மாட்டிக்கிட்டு இருக்கு." நான் உற்றுப் பார்த்தேன். ஒரு புள்ளி. இதுவா அந்த மூட்டை தூக்குகிற மனிதரை மண்டியில் மண்ணைக் கவ்வ வைத்தது? எனக்கு நம்பவே முடியவில்லை.

டாக்டரம்மா அவரிடம், "ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிப்பீங்க?" என்று கேட்டார்.

"தாகம் எடுத்தா குடிப்பேன்."

"வெயில்ல வேலை செய்யும்போது?"

"வேலை முடிச்சிட்டு குடிப்பேன்."

"அதாங்க வினை" என்றார் அவர். பிறகு மாத்திரை எழுதிக்கொண்டே சொன்னார். "இந்த அளவுக் கல்லு பெரும்பாலும் தானா வந்துடும். ஆனா தண்ணிதான் அதைத் தள்ளணும். ஒரேயடியா இல்ல, நாள் முழுக்க, விட்டு விட்டு. மூத்திரம் தண்ணி மாதிரி வெளுத்துப் போகணும். எலுமிச்சம்பழம் பிழிஞ்சி குடிங்க, நல்லது. ஒவ்வொரு தடவையும் டீ வடிகட்டில பிடிச்சிப் பாருங்க, கல்லு கெடைச்சா எடுத்துட்டு வாங்க. காய்ச்சல் வந்தாலோ, மூத்திரம் நின்னாலோ உடனே வந்துடணும். ஊர்ல தனியா இருக்க வேணாம். அடுத்த வாரம் வரைக்கும் வரலைன்னா உள்ள குழாய் விட்டு எடுக்கற மாதிரி இருக்கும்."

மாமியார் இறந்த பிறகு அவர் ஊரில் தனியாகத்தான் இருந்தார். மைத்துனன் லாரியில் வடக்கே போயிருந்தான். வேறு வழியில்லை. "எங்க வூட்டுக்கு இட்டுக்கினு போறேன், பேசாம வா நைனா" என்றாள் என் மனைவி. ஊசி மயக்கத்தில் அவர் பேசாமல்தான் வந்தார். சாயங்காலம் கண் விழித்தபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே படுத்திருந்தார். விசிறியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், புரிந்துகொண்டார். அவள் சொம்போடு நின்றாள்.

"வேணாம் பாப்பா."

எனக்கு வந்ததே கோபம். "மாமா, கல்லு உங்களுக்கு வந்திருக்கா, செத்துப்போன எங்க பெரியப்பாவுக்கு வந்திருக்கா? மருந்தே தண்ணிதான்னு அந்தம்மா சொல்லுது. இதுலயும் வீம்பா?" என்று கத்தினேன். பெரியவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான். பேசிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "சொன்னது இந்த வாயிதானே மாப்ள. அதே வாயில ஊத்தச் சொல்றீங்களே" என்றார்.

அதைக் கேட்டதும் கோபம் இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தச் சொல்லைக் கேட்டவர்களில் சில பேர் செத்துவிட்டார்கள், மீதிப் பேர் மறந்துவிட்டார்கள். ஆனாலும் தன் சொல்லுக்குத் தானே காவல் இருக்கிறார் இந்த ஆள். நானெல்லாம் காலையில் சொன்னதை மத்தியானம் மாற்றிச் சொல்கிறவன்.

அதற்கப்புறம் ஒரு பெரிய பஞ்சாயத்தே நடந்தது. கடையில் விற்கிற கேன் தண்ணீர்? "யாரு வாங்குனது பாப்பா? நீதானே. அப்ப உன் வூட்டுத் தண்ணிதான்." மோர்? "தண்ணி ஊத்தாம மோரு ஏது?" தர்பூசணி? அது மெல்லுகிற பொருள் என்பதால் ஒத்துக்கொண்டார். இளநீர்? மரத்தில் விளைந்தது, யார் வீட்டுக் குடத்திலும் பிடித்ததில்லை என்று அதையும் ஒத்துக்கொண்டு, அன்றைக்கு மாத்திரையை அதில்தான் விழுங்கினார். சோறு மட்டும் தொடவில்லை, தண்ணீரில் வெந்ததாம். பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் தலையை நீட்டி, "ரெண்டு பீர் உள்ள போனா கல்லு தெறிச்சி ஓடிடும்" என்று இலவச வைத்தியம் சொன்னார். "பச்சத்தண்ணிக்கே இங்க வழியக் காணோம்" என்றார் மாமனார். வலியோடு வலியாக எல்லோரும் சிரித்தோம். ஆனால் இளநீரையும் தர்பூசணியையும் வைத்து எத்தனை நாள் ஓட்டுவது? என் மனைவி சமையலறையில் போய் நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. "மாமா, உங்க நெலத்துத் தண்ணிய கொண்டாந்தா குடிப்பீங்களா?"

யோசித்தார். ஒரு வழக்கைத் தீர்க்கிற மாதிரி நிதானமாக யோசித்தார். "அது என் தண்ணி. எங்க வச்சிக் குடிச்சா இன்னா" என்றார்.

மறுநாள் விடிந்ததும் பைக்கின் இரண்டு பக்கமும் கேனைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். நெடுஞ்சாலையில் லாரிக்காரன்கள் ஒதுங்க வழி கொடுக்காமல் உயிரை எடுப்பார்கள், திரும்பி வரும்போது கேன் இரண்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுக்கும். ஒரே பேஜாரு. அவருடைய நிலத்தில் பழைய கிணற்றுக்குள்ளேயே போர் போட்டிருக்கிறார். அந்த மோட்டாருக்குக் காயில் கட்டியவனே நான்தான். சுவிட்சைப் போட்டால் குபுகுபுவென்று கொட்டும். ஆனால் தண்ணீர் கரிப்பு. வாயில் வைத்தால் முதலில் ஒரு கரகரப்பு, பின்னாலேயே உப்பு. அந்தத் தண்ணீரில் டீ போட்டால் எனக்கு இறங்காது. கல்லுக்காரருக்கு இதைக் கொடுக்கலாமா என்று டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "கொதிக்க வச்சி வடிகட்டிக் குடுங்க. உப்பில்லாத தண்ணி கெடைச்சா நல்லதுதான். ஆனா குடிக்காம இருக்கறதுக்கு எதுவா இருந்தாலும் குடிக்கறது மேல்" என்றார்.

அவர் குடித்தார். ஐயோ, எப்படிக் குடித்தார். சொம்பை அண்ணாந்து பிடித்து, உதட்டில் படாமல், ஒரு சொட்டுச் சிந்தாமல். தொண்டைக் குழி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீரிலேயே எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தாள், அந்தத் தண்ணீரிலேயே சோறு வடித்தாள், ரசம் வைத்தாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக மகள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார். எங்கள் அடுப்புத்தான், அவருடைய தண்ணீர்.

கடையைப் பாதி நேரம் மூடிவிட்டு நான் அவர் பக்கத்திலேயே கிடந்தேன். இத்தனை வருஷமாகத் தண்ணீரை மேலே ஏற்றுகிற இயந்திரங்களோடு மாரடித்துக்கொண்டிருக்கிறேன். என் உடம்புக்குள் தண்ணீர் எங்கே போகிறது, யார் அதை வடிகட்டுகிறார்கள் என்று ஒரு நாளாவது யோசித்திருக்கிறேனா? என் கையால் கட்டிய எந்த மோட்டாரும் நாலைந்து கோடை தாண்டினால் புகைந்துவிடும். இந்த மனிதருக்குள் இரண்டு கைப்பிடி அளவுச் சதை, பிறந்ததிலிருந்து ஒரு நிமிஷம் நிற்காமல் ஓடுகிறது. கரிப்புத் தண்ணீரைக் கொடுத்தாலும் ஓடுகிறது, நாள் முழுக்க வெயிலில் காயவிட்டாலும் ஓடுகிறது. கல் வந்து அடைத்த பிறகும் தள்ளிக்கொண்டே இருக்கிறது, அதுதான் அந்த வலி. இதை நினைக்க நினைக்க எனக்கு மயிர் கூச்செறிந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் டீ வடிகட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டு வந்து உதட்டைப் பிதுக்குவார். "இன்னும் ஐயா எறங்கி வரல." கல்லுக்கு ஐயா என்று பெயர் வைத்துவிட்டார்.

வலி வரும், போகும். வந்தால் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்பார். டாக்டர் சொன்ன வாரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. குழாய் விட்டு எடுப்பது என்ற பேச்சு வந்தாலே அவர் முகம் சுருங்கிவிடும். மண்வெட்டிக்குப் பயப்படாதவர் அதற்குப் பயந்தார்.

அப்படி ஒரு காலையில் நான் நிலத்துக்குப் போனபோது கரண்ட் இல்லை. பராமரிப்பு வேலையாம், சாயங்காலம்தான் வரும் என்றார்கள். வெயில் காலம், கிணற்றில் மேல் தண்ணீர் கிடையாது, கயிறு விட்டு இறைக்கவும் முடியாது. பக்கத்து நிலங்களிலும் இதே கதை. மோட்டார் வேலைக்காரன் நான், மோட்டாருக்கு முன்னால் வெறும் கேனோடு நின்றேன். அரை மணி நேரம் திட்டித் தீர்த்துவிட்டுக் காலிக் கேன்களோடு திரும்பினேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே அவர் முனகல் கேட்டது. அதுவரை வந்ததிலேயே மோசமான வலி. தரையில் உருண்டுகொண்டிருந்தார். நேற்றுத் தண்ணீர் தீர்ந்துவிட்டிருந்தது. நான் கேனைத் தூக்கிக் காட்டித் தலையை ஆட்டினேன். என் மனைவி என் கையிலிருந்து கேனைப் பிடுங்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். குழாயைத் திறக்கிற சத்தமும் கேன் நிரம்புகிற சத்தமும் கேட்டது. எங்கள் வீட்டுத் தண்ணீர். நான் தடுக்கவில்லை, எனக்குத் தடுக்கத் தோன்றவும் இல்லை. ஆனால் எங்கள் தண்ணீர் சப்பென்று இருக்கும், கரிப்பு என்பதே கிடையாது. பிறந்ததிலிருந்து அந்த உப்பைக் குடித்த நாக்குக்கு முதல் மடக்கிலேயே தெரிந்துவிடாதா?

கேனை அவர் கண்ணில் படும்படி வைத்து, சொம்பில் சாய்த்துக் கொடுத்தாள். அவர் எழுந்து சுவரில் சாய்ந்து அண்ணாந்து ஊற்றினார். ஒரு மடக்கு போனது. தொண்டை நின்றது.

சொம்பை இறக்கினார். உள்ளே எட்டிப் பார்த்தார். முடிந்தது கதை, இந்த வலியோடு இந்த வெயிலில் எழுந்து நடக்கப் போகிறார் என்று நான் நினைத்தேன். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மறுபடி சொம்பைத் தூக்கி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு நீட்டினார்.

"இன்னொரு சொம்பு ஊத்து பாப்பா."

அன்றைக்கு முழுக்க அந்தக் கேனிலிருந்துதான் குடித்தார். வேறு எந்த நாளையும்விட அதிகமாகக் குடித்தார். சாயங்காலம் வலி கொஞ்சம் தணிந்தபோது என்னைப் பார்த்து, "இன்னிக்கித் தண்ணி நல்லா இருக்கு மாப்ள. மோட்டாரு நல்லா இழுக்குது போல" என்றார்.

"ஆமா மாமா" என்றேன். அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலையில் கொல்லையிலிருந்து குரல் வந்தது. "மாப்ள, ஜல்தி வாங்க." ஓடினேன். வடிகட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது ஐயா. பழுப்பு நிறம். கேப்பையைவிடக் கொஞ்சம் பெரியது, பச்சைப்பயறைவிடச் சின்னது. மேலெல்லாம் முள் முள்ளாக இருந்தது. மூன்று பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு அதைப் பார்த்தோம். அதைக் கழுவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர், "இத்தினியூண்டுதானா நீ" என்றார். திட்டவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். நானும் தொட்டுப் பார்த்தேன். ஒரு மனிதனுக்குள் யாருக்கும் தெரியாமல் உப்பு சேர்ந்து சேர்ந்து கல்லாகிறது, அதை வெறும் தண்ணீர் தள்ளிக்கொண்டு வந்து கையில் கொடுக்கிறது. சாமி கும்பிடுகிற பழக்கம் எனக்கு அவ்வளவாக இல்லை. அன்றைக்குக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

விழுப்புரம் போய்க் காட்டினோம். மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள், குழாயில் ஒன்றும் இல்லை. "இது திரும்பவும் வர்ற ஜாதி. இனிமே தாகம் எடுக்கற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கக் கூடாது, ஆயுசுக்கும் தண்ணி நிறைய குடிக்கணும்" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். மாமனார் பள்ளிப் பிள்ளை மாதிரி தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் ஊருக்குக் கிளம்பினார். இருக்கச் சொன்னோம், கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூலையில் கிடந்த காலிக் கேனைத் தானே எடுத்துக்கொண்டார். "அதை வுடுங்க மாமா, அப்புறம் நான் எடுத்துக்கினு வர்றேன்" என்றேன். காதில் வாங்காமல் கேட் பக்கம் போகாமல் கொல்லைப் பக்கம் நடந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் புரியாமல் பின்னால் போனோம்.

குழாய்க்கு அடியில் கேனை வைத்து, அதன் வாயைச் சரியாகப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இதத் தெற பாப்பா" என்றார். "எங்க ஊரு தண்ணி கரிக்குது."

என் மனைவி குழாயைத் திருகினாள். கேன் பாதியானது, முக்கால் ஆனது, கழுத்து வரைக்கும் வந்தது. நிரம்பி, அவர் கையில் வழிந்து, முழங்கையில் இறங்கி, காலை நனைத்துக்கொண்டு ஓடியது. அவளும் மூடவில்லை, அவரும் மூடச் சொல்லவில்லை. கடைசியில் நான்தான் போய்க் குழாயை மூடினேன்.